மாப்பிள்ளை வருமுன் ஒரு வீடு

“அழுத்தாதீங்க வாப்பா! செவரு சாயிது!”

காலிதீன் கையைச் சட்டென்று எடுத்தார். முப்பது வருடமாகக் கல்முனையில் கல்வீடு கட்டுகிற மேசன் அவர். அவர் எழுப்பிய சுவர் எதுவும் இதுவரை சாய்ந்ததில்லை. ஐந்து வயது மகள் ஹிமாயா மடித்து நிறுத்திய பிறிஸ்டல் போட் அட்டைச் சுவர் மட்டும் அவர் விரல் பட்டதும் படுத்துக்கொண்டது.

“நாளைக்குக் கட்டுவமா மகள்? இண்டைக்கு ராத்தாட கலியாணம். தலைக்கு மேல வேல கிடக்கு.”

“ஏலா. மாப்பிள்ள வாறத்துக்குள்ள முடியணும்.”

போன வாரம் நர்சரியில் காகித வீடு செய்யச் சொல்லிக்கொடுத்தார்கள். அன்றிலிருந்து இவளுக்கு வேறு கதையே இல்லை.

காரணம் காலிதீனுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் ஆயிரம் வேலையைப் போட்டுவிட்டுச் சாரனோடு தரையில் உட்கார்ந்திருந்தார். இருந்த ஒரே வீட்டை மூத்த மகள் றினோஸாவுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தாயிற்று. ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை இங்கேதான் குடிவருகிறார். இன்றிரவு முதல் காலிதீனுக்கும் மனைவிக்கும் சின்னவளுக்கும் பின்வளவில் இருக்கும் தகரக் கூரை அறைதான். ஹிமாயாவின் தலையணையும் பொம்மையும் நேற்றே அங்கே போய்விட்டன. அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

“எத்தன அறை வைக்கிற?”

“ஒண்டு.”

“மூணு பேரும் ஒரு அறைக்குள்ளயா?”

ஹிமாயா நாக்கைக் கடித்துக்கொண்டு ஓரத்தை மடித்துக் கம் பசை பூசினாள். சுவர் விழுந்தது. நிமிர்த்தினாள். மறுபடி விழுந்தது. மறுபடி நிமிர்த்தினாள்.

“வாசல் நல்ல நெடுப்பமா வெட்டுங்க. தல முட்டப்படா.”

காலிதீன் நெற்றியைத் தடவிக்கொண்டார். பின்வளவு அறையின் கதவு நிலையில் நேற்று அது இடிபட்டதை இவள் பார்த்திருக்கிறாள் போலும்.

“பாத்ரூம் உள்ளுக்கே வேணும் வாப்பா.”

“வைப்பம்.”

உள்ளேயிருந்து மனைவி றம்ஸியா ஓடிவந்தாள். “இஞ்சாருங்க, மாப்பிள்ள ஆக்கள் சந்திக்கு வந்துட்டாங்களாம்! நீங்க இன்னும் காகிதத்தோட மாரடிக்கிறீங்களா?”

“பொறு. கூரை போடாம எழும்ப மாட்டன்.”

அவள் தலையில் அடித்துக்கொண்டு போனாள். காலிதீன் மகளின் தலையைத் தடவினார். “கேளு மகள். ஒனக்கும் ஒரு கல்லூடு கட்டித் தராம இந்த வாப்பா ஓயமாட்டன். மேசன் கரண்டிய எடுத்த கை இது. இன்ஷா அல்லாஹ், இன்னொருக்கா அத்திவாரத்துல இருந்து தொடங்குவன்.”

“அது பொறகு. இப்ப கூரையப் புடிங்க.”

பிடித்தார். சிவப்புக் கூரை உட்கார்ந்தது. வீடு நின்றது. அவர் சட்டையை மாட்டவும் தெருவில் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது.

மாப்பிள்ளை பர்ஸான் மாலையோடு படியேறினார். ஆள் நல்ல உயரம். அவருக்கு முன்னால், காகித வீட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, ஹிமாயா வாசலின் நடுவில் போய் நின்றாள். கூடியிருந்த பெண்கள் உருகிப்போனார்கள்.

“மாஷா அல்லாஹ்!” பர்ஸான் குனிந்தார். “ஆருக்கு மச்சி இந்த வடிவான ஊடு?”

“ஒங்களுக்குத்தான் மச்சான். நீங்க இதுல இருங்க. எங்கட ஊட்டுக்குள்ள வரப்படா.”