பன்னிரண்டு சுருக்குப் பைகள்

காய்ச்சலில் கிடந்தவன் கண் விழித்தபோது அறையில் மூன்று பேர் இருந்தார்கள். நாற்காலியில் மருந்துக்கடைக்காரர், ஜன்னலோரம் பஸ் ஓட்டுநர், கட்டிலின் கால்மாட்டில் எதிர்வீட்டு அம்மாள். இந்த நாட்டுக்கு வந்த மூன்று வருடத்தில் இவர்களோடு அவன் முழுசாக மூன்று வார்த்தை பேசியதில்லை.

"ரெண்டு நாளா பஸ்ல காணோமேன்னு வந்தா, கதவு திறந்து கிடக்குது" என்றார் ஓட்டுநர்.

"நாக்கை நீட்டு தம்பி" என்றார் மருந்துக்கடைக்காரர். "அட, இருக்கே! இல்லைன்னுல்ல நினைச்சேன்!"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. இவர்கள் எல்லாம் போன மாதம் இங்கே வந்திருந்த அம்மாவிடம் சுருக்குப் பை வாங்கிக்கொண்டவர்கள். ஊரிலிருந்து பன்னிரண்டு தைத்து எடுத்து வந்து, பார்த்தவர்களுக்கெல்லாம் நீட்டினாள்.

"மானத்தை வாங்காதேம்மா. இங்க யாரும் இப்படிக் கொடுக்க மாட்டாங்க."

"சும்மா இருடா. எனக்குப் பொழுது போக வேண்டாமா?"

பாஷை தெரியாதவள், சைகையாலும் சிரிப்பாலும் பன்னிரண்டையும் தீர்த்துவிட்டுத்தான் விமானம் ஏறினாள்.

"எங்கம்மா மேல அவ்வளவு பிரியமா?" என்று கேட்டான்.

எதிர்வீட்டு அம்மாள் அந்தச் சுருக்குப் பையை அவிழ்த்து, உள்ளிருந்து ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தாள். இந்த நாட்டு மொழியில் அச்சடித்திருந்தது. புறப்படும் முன்பே ஊரில் யாரையோ பிடித்து அம்மா தயார் செய்திருக்கிறாள்.

‘ஏழாம் எண் வீட்டில் என் மகன் தனியாக இருக்கிறான். கூச்சக்காரன். அவனாக வந்து பேச மாட்டான், நீங்கள் பேசுங்கள்.’

"என்கிட்டயும் இருக்கு" என்றார்கள் மற்ற இருவரும்.

போனில் பேசினால் குரலை வைத்தே காய்ச்சலைக் கண்டுபிடித்துவிடுவாள் என்று, எழுந்து உட்கார்ந்ததும் அம்மாவுக்குக் கடிதம் எழுதினான். காய்ச்சலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மூவரின் பெயரையும் கேட்டு எழுதினான். உறையை ஒட்டியதும் ஓட்டுநர் கையை நீட்டினார்.

"கொடு. தபாலாபீஸ் என் ரூட்லதான் இருக்கு."