ரங்கம்மாவும் ஏமாந்த கதை

“உங்க வீட்டுக்காரர் கை மெஷின்ல மாட்டிக்கிச்சும்மா. உடனே பணம் அனுப்பினாத்தான் ஆபரேஷன்!”

போனில் யாரோ சொல்லி, பணம் அனுப்ப ஒரு நம்பரும் கொடுத்தார்கள். தங்கமணி கணவன் வெள்ளைச்சாமியைப் பதினெட்டு தடவை கூப்பிட்டாள். எடுக்கவில்லை. கம்பெனியில் ஷிப்டுக்குப் போகும்போது போனை லாக்கரில் வைத்துவிடுவான் என்பது அவளுக்குத் தெரியும். அந்த நேரத்தில் ஞாபகம் வந்தால்தானே!

மகளின் காலேஜ் ஃபீஸுக்கு வைத்திருந்த பணத்தை அப்படியே அனுப்பிவிட்டாள்.

பத்தே நிமிடத்தில், டீ பிரேக்கில் வெள்ளைச்சாமியே கூப்பிட்டான்.

“எதுக்கு இத்தனை மிஸ்டு கால்?”

“உங்க கை... கை எப்படி இருக்கு?”

“கைக்கென்ன? டீ கிளாஸைப் பிடிச்சுக்கிட்டு நல்லாத்தான் இருக்கு.”

அப்பாடா என்றிருந்தது. போனை வைத்தாள். அப்புறம்தான் பணம் ஞாபகம் வந்து ஓவென்று அழுதாள்.

பக்கத்து வீட்டு அருணா ஓடிவந்தாள்.

“சைபர் போலீசுக்கு 1930 அடிங்கக்கா. இப்பவே சொன்னா பணத்தை நிறுத்திருவாங்க.”

“வேணாம் அருணா. டிகிரி படிச்சவ ஏமாந்தாளாம்னு மத்திகிரி ஊரே சிரிக்கும். போனது போகட்டும்.”

சத்தம் கேட்டு வீட்டு ஓனர் ரங்கம்மா வந்துவிட்டாள். குடியிருக்கும் ஆறு குடும்பமும் அவள் வாய்க்குப் பயப்படும். தங்கமணி தலையைக் குனிந்துகொண்டாள்.

விஷயத்தைக் கேட்ட ரங்கம்மா படியில் உட்கார்ந்தாள்.

“அட, இதுக்கா அழுவுற? போன வருஷம் எனக்கும் இப்படித்தான். உன் மகன் பைக்ல அடிபட்டுட்டான்னு சொன்னானுங்க. மகன் எதிர்லயே உக்காந்து சோறு தின்னுட்டிருக்கான். நான் பாட்டுக்கு ஜிபேல பணத்தை அனுப்பிட்டேன்! பயம் வந்துட்டா படிச்சவ என்ன, படிக்காதவ என்ன?”

தங்கமணிக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. ரங்கம்மாவே ஏமாந்திருக்கிறாள் என்றால் தனக்கென்ன வெட்கம்? போனை எடுத்து 1930 அடித்தாள்.

பணம் திருடன் கைக்குப் போய்ச் சேருமுன் பாதி வழியில் நிறுத்திவிட்டார்கள். மறுவாரமே பேங்கிலிருந்து நல்ல சேதி வந்தது.

முதல் தேதி, வெள்ளைச்சாமி வாடகை கொடுக்கப் போனான்.

“இனிமே ஜிபேல போட்டுரட்டுமா அம்மா? உங்ககிட்ட இருக்குன்னு தங்கமணி சொன்னா.”

ரங்கம்மா இடுப்பிலிருந்து பழைய பட்டன் போனை உருவிக் காட்டினாள்.

“பத்து வருஷமா இதான் என் போன். இதுல பேசலாம், டார்ச் அடிக்கலாம். அவ்ளோதான். நீ கையிலயே குடு... அவகிட்ட மட்டும் சொல்லிடாதப்பா.”