ஒரு பிடி மல்லாட்டை

சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தன வரிசையில் கோயில்பிள்ளை இன்னாசிக்கு முன்னால் நின்றவள், மெழுகுவத்தி திருடியதற்காகப் போன வாரம் வேலை போன சவரியம்மா. திருட்டுப் பட்டம் சுமந்தவள் தலையை நிமிர்த்திக்கொண்டுதான் நின்றாள். அவள்மேல் சாட்சி சொன்ன இன்னாசிதான் தலையைக் குனிந்துகொண்டிருந்தான்.

சாட்சி யார் என்று அவளுக்குத் தெரியாது. "சாமியார்கிட்ட எனக்காக ஒரு வார்த்த சொல்லுண்ணே. புள்ளைங்கள வெச்சிக்கினு நான் இன்னா பண்ணுவேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். இன்னாசி ஜெபமாலையை உருட்டுவதுபோல் பாசாங்கு செய்தான்.

எல்லாம் ஒரு பிடி வேர்க்கடலையில் ஆரம்பித்தது. ரோமாபுரியில் என்னென்னவோ மாற்றுகிறார்களாம், பூசைகூட இனித் தமிழில்தானாம் என்று செஞ்சிக் கிறிஸ்தவர்கள் பேசிக்கொண்ட அறுபத்துநாலாம் வருஷக் கடைசி. ராஜகிரி மலைமேல் வெயில் ஏறுவதற்கு முன்பே கோயில் கூட்ட வந்த சவரியம்மா, வறுத்த கடலையை மடியிலிருந்து அள்ளி நீட்டினாள். "மல்லாட்டை சாப்டுண்ணே, எட்டு மணிப் பூசைக்கு இன்னும் நேரம் கெடக்குது" என்றாள். ராத்திரியும் சாப்பிடாத வயிறு, மென்று தொலைத்துவிட்டான்.

மூன்று மணி நேரமாவது பட்டினி கிடக்காமல், பூசையில் சாமியார் நாக்கில் வைக்கும் நற்கருணை அப்பத்தை வாங்குவது பாவம். அதை ஊருக்கே சொல்லிக்கொடுத்தவன் அவன். பிரசங்கம் தொடங்கினால் தூபக்காலுக்குக் கரி மூட்டப் பின்பக்கம் போய்விடுவானே தவிர, நற்கருணை நேரத்தில் தட்டேந்திக்கொண்டு சாமியார் பக்கத்தில் வந்து நின்றுவிடுவான். "வாயில எதுனா போட்டியா?" என்று கேட்டுக் கிழவிகளைக்கூடத் திருப்பி அனுப்பியவன். அன்றைக்கு அவனே வாங்காமல் நின்றால் சனம் சும்மா விடுமா? கண்ணை மூடிக்கொண்டு நாக்கை நீட்டினான்.

அடுத்த ஞாயிறு சவரியம்மா சிரித்துக்கொண்டே, "இன்னிக்கும் மல்லாட்டை வேணுமாண்ணே?" என்றாள். அது மிரட்டல் என்றே இன்னாசிக்குப் பட்டது. இவள் வாயைத் திறந்தால் மானமும் போகும், வேலையும் போகும். அதற்குள் அவள் பேச்சு எடுபடாதபடி செய்துவிட வேண்டும் என்று தோன்றியது.

பீடத்து மெழுகுவத்திகளை அவள் மடியில் கட்டிக்கொண்டு போனதைப் பார்த்தேன் என்று சாமியாரிடம் போய்ச் சொன்னான். நிஜந்தானா என்று அவர் கேட்டதும், சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தைத் தொட்டுச் சத்தியமும் செய்தான். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

கிறிஸ்மஸ் நெருங்கிவிட்டது. பாவசங்கீர்த்தனம் செய்யாமல் இருக்க முடியாது. வேறு சாமியார் வேண்டுமென்றால் திண்டிவனத்துக்குப் பஸ் ஏற வேண்டும். கோயில்பிள்ளையே வெளியூர் போனான் என்றால் இங்கே கண், காது, மூக்கு வைத்துப் பேசுவார்கள். யாரிடம் பொய்ச் சத்தியம் செய்தானோ அவரிடமே மண்டியிட வேண்டியிருந்தது.

சவரியம்மா வெளியே வந்தாள். "மறந்துடாதண்ணே" என்று சொல்லிவிட்டுத் தூண் ஓரமாகப் போய் நின்றாள்.

இன்னாசி மண்டியிட்டான். பொய்ச் சத்தியத்தைச் சொல்ல நாக்கு எழவில்லை. முதலில் நடந்ததை முதலில் சொல்வோம் என்று கடலையைச் சொன்னான். பாதியிலேயே அழுதுவிட்டான்.

இருவருக்கும் நடுவிலிருந்த கம்பிச் சல்லடைக்கு அப்பால் சாமியார் மெல்லச் சிரித்தார்.

"இதுக்கா அழுவுற? சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆயிருந்தா போதும்னு ரோமாபுரியிலேர்ந்து உத்தரவு வந்துட்டுதே. பிரசங்கத்துலயே சொன்னேனே, நீ எங்க போயிருந்த? அதுல பாவமே இல்ல."

நேரம் கெடக்குது என்று சவரியம்மா சொன்னது அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. அவள் பிரசங்கத்தைக் கேட்டவள். சிரித்ததும் வெறும் சிரிப்புத்தான். தூண் ஓரத்தில் அவள் இன்னும் அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

சாமியார் சல்லடைக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுவந்தார்.

"வேற பாவம் எதுனா இருக்குதாப்பா?"