நானூற்றுப் பன்னிரண்டாவது இணைப்பு

வடக்கு நார்வேயின் அந்தச் சின்ன நகராட்சியில், துறைமுகப் பிரிவின் பழைய கோப்புகளையெல்லாம் இணையச் சேமிப்பான கிளவுடுக்கு மாற்றியபோது, அவற்றைத் திறக்கும் நானூற்றுப் பன்னிரண்டு இணைப்புகள் அறுந்துபோயின. அவற்றைச் சரிசெய்யும் வேலை அந்தப் பிரிவின் பொறுப்பாளரான தூருன் என்பவளின் தலையில் விழுந்தது. வெள்ளிக்கிழமை காலையில் ஒன்றே ஒன்றுதான் பாக்கி.

அது, படகுத்துறைப் பலகைகள் உளுத்துவிட்டன என்று ஆய்வாளர் எய்லிவ் அவளுக்கு எழுதிய கடிதத்தின் இணைப்பு. ஈஸ்டர் விடுமுறை முடியட்டும் என்று அவள் அந்தக் கடிதத்தைக் கிடப்பில் போட்டாள். அந்த விடுமுறையில்தான் பலகை முறிந்து எய்லிவே கடலில் விழுந்து செத்துப்போனான். கடிதத்தை அவள் அழித்துவிட்டாள். அது யாருக்கும் தெரியாது.

இல்லாத கடிதத்துக்கு எங்கே போவது? அதே பெயரில் ஒரு வெற்றுக் கோப்பை உண்டாக்கி இணைத்தாள். அறுந்தவை பூஜ்யம் என்றது திரை. நிம்மதியாகக் காபி அறைக்குப் போனாள். வெள்ளிக்கிழமைதோறும் அலுவலகத்தில் சுடும் வாஃபிள் அப்பத்தின் வாசனை வழியெல்லாம் வந்தது.

அங்கிருந்த எட்டுப் பேரின் பேச்சும் அவள் நுழைந்ததும் நின்றது.

"இணைப்பெல்லாம் வேலை செய்யுதான்னு பார்த்துட்டிருந்தேன்," என்றான் சக ஊழியன் சிக்வே, கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமல். "எய்லிவ் லெட்டர் கிடைச்சிருச்சே."

"அது வெறும் பக்கம்தானே, சிக்வே."

"வெறும் பக்கமா? இப்பதான் எல்லாரும் படிச்சோம். 'தூருன், ஈஸ்டருக்கு முன்னாடியே துறையை மூடிரு'ன்னு எழுதியிருக்கான்."

கைப்பேசியை அவள் பக்கம் திருப்பினான். அவளுக்கென்று எடுத்துவைத்த வாஃபிள் மேசையில் ஆறிக்கொண்டிருந்தது. எட்டுப் பேரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

அவள் கண்ணுக்கு அந்தப் பக்கம் வெள்ளையாகவே இருந்தது.