மேல்கயிறு

தர்மன் இன்றைக்கும் வந்துவிட்டான்.

லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸ் பார்க்கில், இரண்டு வேப்ப மரங்களுக்கு நடுவே, அந்தப் பச்சை நைலான் தூளியைக் கட்டிக்கொண்டிருந்தான். வத்சலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தினமும் இதே கூத்து. தினமும் அவள் பார்க்கச் சகிக்காமல் அந்தப் பக்கத்து ஜன்னலைப் படாரென்று சாத்திவிடுவாள்.

அது அவள் பிள்ளை அனிருத்தின் தூளி. மலையேறப் போனால் அதில்தான் படுப்பான். கடைசியாக உத்தராகண்டுக்கு அவனும் தர்மனுமாகத்தான் கிளம்பினார்கள். வழியில் பாறை சரிந்தது. தர்மனும் தூளியும் மட்டும் திரும்பி வந்தார்கள்.

வாசலில் குனிந்து ஷூ லேஸ் கட்டிய பிள்ளை இன்னும் அவள் கண்ணிலேயே நின்றான். இடதுகைக்காரன். சின்ன வயதில் எவ்வளவோ அதட்டிப் பார்த்தாள், மாறவில்லை. அவன் போடும் முடிச்சின் காது எப்போதும் இடப்பக்கம்தான் திரும்பி நிற்கும். "ஊருக்கெல்லாம் ஒரு வழி, உனக்கு ஒரு வழி" என்று அன்றைக்கும் கேலி செய்துதான் அனுப்பினாள்.

பிள்ளை போய் ஒரு மாதம் ஆகவில்லை. வீட்டுக்காரர் ராமமூர்த்தியோ ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல், ஆபீஸிலிருந்து வந்ததும் 'வாக்' போகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொள்கிறார். கூடப் போன சிநேகிதன் தூளி கட்டி ஆடுகிறான். அழுவதற்கு அவள் ஒருத்திதான் மிச்சம் போலிருக்கிறது.

இன்றைக்கு ஜன்னலைச் சாத்தவில்லை. விடுவிடுவென்று கீழே இறங்கிப் போனாள்.

தர்மன் தூளியை மரத்தோடு பிணைத்த நாடாப் பட்டையைக் கொஞ்சம் தளர்த்தி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து அதன் சாய்வை அளந்துகொண்டிருந்தான்.

"என்னடா அளக்கறே?"

"தொய்வு ஆன்ட்டி. ரொம்ப இழுத்துக் கட்டினா ரெண்டு பக்கமும் தோளை நெரிக்கும். கொஞ்சம் தொய்வா இருந்தாத்தான் குறுக்கே படுத்து முதுகை நீட்ட முடியும்."

"ஓஹோ! உன் முதுகுக்கு அவ்வளவு சொகுசு கேக்கறதா? நெஞ்சுல ஈரமே கிடையாதாடா உனக்கு? அவன் தூளியிலே, என் வாசல்லயே வந்து ஆடறே!"

"நான் ஆடலை ஆன்ட்டி..." என்று ஆரம்பித்தவன், ஏனோ முழுங்கிக்கொண்டான்.

அது அவள் கோபத்தை இன்னும் கிளறிவிட்டது. தூளிக்கு மேலே, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெல்லிய கயிறு ஒன்று விறைப்பாக ஓடியது. அதன் நுனி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. எட்டிப் பிடித்து ஒரே இழு இழுத்தாள்.

"ஆன்ட்டி, அது வேண்டாம்!"

அவன் கத்தி முடிப்பதற்குள் முடிச்சு உருவிக்கொண்டது. துணி தொய்ந்து தரையைத் தொட்டது.

தர்மன் அவிழ்ந்த கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "பரவாயில்லை ஆன்ட்டி, வெறும் கயிறுதானே" என்று சொல்லி எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு போனான்.

அன்று வாக் போன ராமமூர்த்தி போன வேகத்திலேயே திரும்பி வந்தார்.

"தர்மனைக் காணோமே?"

"நான்தான் விரட்டினேன். அந்தக் கயிற்றையும் பிடுங்கி அவிழ்த்துட்டேன்."

"எந்தக் கயிறு? மேலே போறதே, அதுவா?"

அவள் தலையாட்டியதும் அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான்தான் வத்சலா அவனை வரச் சொன்னேன். உன் எதிர்ல அழுதா நீ இன்னும் உடைஞ்சு போயிடுவேன்னு பயம். வாக்குன்னு சொல்லிட்டு அதுலதான் போய்ப் படுத்துப்பேன்."

"என்ன சொல்றேள்?"

"மரம் கிட்ட இருந்தாலும் தள்ளி இருந்தாலும் அந்த மேல்கயிறு நீளம் மாறாதாம். அதனால தொய்வும் மாறாதாம். அனிருத் தன் உடம்புக்குச் சரியா வெச்ச அளவு அது, அவனே போட்ட முடிச்சு. தர்மன் ஒரு நாள்கூட அதைத் தொட்டதில்லை. அதுல படுத்தா... அவன் படுத்த பள்ளத்துலயே படுத்த மாதிரி இருக்கும்."

சட்டென்று அழுதுவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது அவள் பார்த்தது அன்றைக்குத்தான். பாவி, என் கையாலேயே அவிழ்த்தேனே என்று அவளும் சுவரில் சாய்ந்து அழுதாள்.

மறுநாள் இருவருமாகப் பார்க்குக்குப் போனார்கள். தூளி பழையபடி கட்டியிருந்தது.

"தர்மா, என்னை மன்னிச்சுடுப்பா. தெரியாம அவன் போட்ட முடிச்சை..."

"அச்சச்சோ, இல்லை ஆன்ட்டி!" தர்மன் அவசரமாகக் குறுக்கிட்டான். "நீங்க அவிழ்த்தது நான் போட்ட முடிச்சு. அனிருத் போட்டது அந்த மரத்துப் பக்கம். யாரும் தொடலை, அப்படியே இருக்கு. போய்ப் பாருங்க."

ராமமூர்த்தி கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு ஏற்கனவே தூளியில் சாய்ந்திருந்தார். அங்கிருந்தே கேட்டார்.

"எனக்குத் தெரியலை வத்சலா, நீ கிட்டப் போய்ப் பாரேன். நம்ம அனிருத் போட்டதுதானா?"

வத்சலா மரத்தருகே போனாள். கயிற்று முனையைக் கையில் ஏந்திப் பார்த்தாள்.

முடிச்சின் காது வலப்பக்கம் திரும்பி நின்றது.

நிமிர்ந்தாள். தர்மன் அவள் கண்ணைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவன் போட்டதேதான். பெத்தவளுக்குத் தெரியாதா? நிம்மதியா படுத்துக்கோங்கோ" என்றாள் வத்சலா.