வீட்டு ஆட்களின் கட்டைகள்

தன் எள்ளுத்தாத்தா பூட்ஸ் தைத்து விற்ற கடையைத் தெருத்தெருவாக அலைந்து ஒருவழியாகக் கண்டுபிடித்துவிட்டாள் டீச்சர். இப்போது அது குடைக்கடை. கடைக்காரர் பரணிலிருந்து ஒரு சாக்கு மூட்டையை இறக்கினார்.

"வாடிக்கைக்காரங்க கட்டையெல்லாம் அடுப்புக்குப் போயிடுச்சு டீச்சர். இது அவர் வீட்டு ஆளுங்களோடது. எங்கப்பா காலத்துலேருந்து யாரும் அவிழ்க்கல."

மூட்டையிலிருந்து மரப் பாதங்கள் உருண்டன. ஆளாளுக்கு ஒரு கட்டை செதுக்கி, அதன்மேல் தோலை இழுத்துத் தைப்பது அந்தக் காலத்து வழக்கம். கால் புடைத்தால் கட்டையில் தோல்துண்டு ஒட்டுவார்கள். விரல் போனால் அந்தப் பக்கத்தைச் செதுக்கிவிடுவார்கள்.

எள்ளுப்பாட்டியின் அகலப் பாதம், பிள்ளைகளின் குட்டிப் பாதங்கள். டீச்சர் ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்தாள். கடைசியாக ஒரு பெண்ணின் வலது பாதம் வந்தது. மேல்புறத்தில் தோல்துண்டு ஒட்டியிருந்தது.

"எனக்கும் இங்கதான் புடைச்சிருக்கு. போன வருஷம் மாடிப்படியில விழுந்தேன்."

"அப்ப உங்களுக்குன்னே செஞ்சு வெச்சிருக்காரு. அளந்துதான் பாருங்களேன்."

செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைப் பக்கத்தில் வைத்தாள். நீளம், குதிகால், கோணல் சுண்டுவிரலுக்கான மேடு, எல்லாம் அச்சு அசல். கடைக்காரர் சிரிப்பை நிறுத்தினார்.

"பெருவிரல் பக்கம் மட்டும் இல்லையே. எலி கடிச்சிருக்கும்."

எலி அல்ல, உளி. கட்டை முழுக்கக் கறுத்திருந்தது. செதுக்கிய இடம் மட்டும் வெள்ளையாக, புது மர வாசனையோடு இருந்தது.

டீச்சர் தன் கால்விரல்களை அசைத்துப் பார்த்தாள். பெருவிரல் மட்டும் கொஞ்சம் தாமதமாக அசைந்தது.