கைக்குட்டைக்குள் மூன்று வடை

யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, நரேன் மூன்றாவது வடையையும் கைக்குட்டையில் சுருட்டிப் பேன்ட் பாக்கெட்டுக்குள் தள்ளினான். திருட வந்தவனுக்குக்கூட இத்தனை படபடப்பு இருக்காது. அவன் உட்கார்ந்திருந்ததோ மாமியார் வீட்டு விருந்தில்.

கல்கத்தாவின் டாக்குரியாவில் அன்று ஜமாய் ஷஷ்டி, மாப்பிள்ளையை உட்காரவைத்து வயிறு கொள்ளாமல் சாப்பாடு போடும் வங்காளிப் பண்டிகை. தமிழ்க் குடும்பத்துக்கு இது எதற்கு என்று கேட்கலாம். மூன்று தலைமுறையாகக் கல்கத்தாவில் இருந்தால் அக்கம்பக்கத்துப் பண்டிகையும் ஒட்டிக்கொள்ளத்தான் செய்யும்.

மாமியாரான விஜயலக்ஷ்மி மாமி மாப்பிள்ளையின் மணிக்கட்டில் மஞ்சள் நூல் கட்டிவிட்டு, லூச்சி என்ற மைதா பூரி, ஆலூர் தம் என்ற உருளைக்கிழங்குக் கறி, அவியல், வடை என்று இலை தெரியாமல் பரிமாறியிருந்தாள். போன வருஷம் இருபது லூச்சியை உள்ளே தள்ளிவிட்டு இன்னும் கேட்டவன்தான் நரேன். இந்த வருஷம் இரண்டாவதிலேயே தொண்டையை அடைத்தது.

காரணம், எடை குறைய வாராவாரம் வயிற்றில் குத்திக்கொள்ளும் ஊசி. சாப்பிட்ட பிறகு குடல் மூளைக்கு அனுப்பும் 'போதும்' என்ற சேதியை அது முன்கூட்டியே அனுப்பிவிடும் என்று டாக்டர் விளக்கியிருந்தார். நான்கு மாதத்தில் பதினோரு கிலோ போயிற்று. ஊசி என்று சொல்லக் கூச்சப்பட்டு, ஏரிக்கரையில் நடந்தே இளைத்ததாக மாமியாரிடம் கதை அளந்திருந்தான். அவளும் அதை நம்பி, மாப்பிள்ளையின் வைராக்கியத்தை அடுக்குமாடி முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள்.

ஆபீசிலிருந்து மனைவி ரோஹிணி வேறு போன் செய்து, அம்மா விடிகாலை நாலு மணிக்கே எழுந்து சமைத்தாளாம், ஒன்றையும் மிச்சம் வைக்காதே என்று சொல்லியிருந்தாள். அறுபத்திரண்டு வயது, முட்டி வலி, ஜூன் மாதப் புழுக்கம். நினைக்க நினைக்க அவனுக்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

மாமி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பாயசத்தோடு வந்தாள். ஜலதோஷமாம். இலையைப் பார்த்ததும் அவள் முகம் வாடிவிட்டது. எதிரே உட்கார்ந்து, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"உண்மையைச் சொல்லுங்கோ மாப்ளே. உங்களுக்கும் ரோஹிணிக்கும் ஏதாவது மனஸ்தாபமா? அவ வரலே, நீங்க சாப்பிடலே."

இதற்கு மேல் மறைத்தால் பாவம் என்று பட்டது. நரேன் கைக்குட்டையை எடுத்து இலையோரம் பிரித்து வைத்தான். ஊசியைப் பற்றியும், ஏரிக்கரையில் நடந்ததாகச் சொன்ன பொய்யைப் பற்றியும் ஒன்று விடாமல் ஒப்பித்தான்.

"விடிகாலைலேர்ந்து அடுப்படில நின்னு சமைச்சதை இப்படிப் பண்ணிட்டேம்மா. என்னை மன்னிச்சுடுங்கோ."

மாமி கோபித்துக்கொள்ளவில்லை. வடைகளைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அவள் கண்ணும் கலங்கிவிட்டது. தான் சொல்லப்போவதை ரோஹிணியிடம் சொல்லவேண்டாம் என்று இரண்டு தரம் கேட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"எல்லாம் கரியாஹாட் ஹோட்டல்ல ஆர்டர் பண்ணினது மாப்ளே. தாளிக்கிற வாசனையே எனக்கு ஆகறதில்லே, நானும் அதே ஊசிதான்."